எஃப்-லைன் சர்வே + செயின்லிங்க் வேலி: காட்டுக்கு வேலி போடப் போறவங்களுக்காக ஒரு ரிவியூ

வேலி வேலை முடிஞ்சாச்சுங்க, பில்லும் கடைசிப் பங்கு தவிர குடுத்தாச்சு, அதனால சூட்டோட சூடா எழுதிடறேன். மொதல்ல மார்க்கு. அரசாங்கத்தோட எஃப்-லைன் சர்வே, அதாவது அரசு சர்வேயர் வந்து நம்ம எல்லையை அளந்து காட்டறது, அஞ்சுக்கு நாலரை. கம்பி வேலி போட்டுக் குடுத்த காண்ட்ராக்டர் அஞ்சுக்கு மூணு. காண்ட்ராக்டர் பேரு போடலை, ஏன்னா அவர்கிட்ட நான் பாத்த கொறை இந்தத் தொழில்ல நான் விசாரிச்ச பாதிப் பேருகிட்ட இருக்கு, பேரை விட எதை எதை செக் பண்ணணும்ங்கறதுதான் உங்களுக்கு உதவும்.

எங்க காடு காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல, மானாவாரி, கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. உள்ள கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க வெள்வேல மரம், மாடும் செம்மறியும் மேயும், சுத்தி கிளுவை வேலி. இந்தப் பக்கத்து ஆளுகளுக்கு கிளுவையைப் பத்தி சொல்லவே வேண்டாம், மத்தவங்களுக்காக சொல்றேன், போத்து (கெளை) வெட்டி நட்டா வேர் புடிச்சுக்கும், முள்ளு இருக்கறதுனால ஆடு உள்ள பூராது, தண்ணியே ஊத்த வேண்டாம், தாத்தா காலத்துல நட்டது இன்னைக்கும் நிக்குது. ரெண்டு காட்டு வேலிக்கு நடுவுல போற பாதைதான் இட்டேரி. இதை விட நல்ல வேலி நம்ம மண்ணுக்கு கிடையாதுன்னுதான் நான் இன்னமும் சொல்லுவேன், ரோட்டுப் பக்கமும் இட்டேரிப் பக்கமும் கிளுவையை ஒரு குச்சி கூட தொடலை.

ஆனா பக்கத்து காட்டோட ஒட்டின பக்கம் வேற கதை. கிளுவை வருஷா வருஷம் ரெண்டு பக்கமும் பரவுது, அஞ்சடி ஆறடி அகலத்துக்கு புதர் மாதிரி ஆகிடுது, எல்லைக்கல்லு அதுக்குள்ள எங்கயோ முழுகிக் கெடக்குது, அந்தக் காலத்துல ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் வேலி நடுவுதான் எல்லைன்னு வாயாலயே பேசிட்டு போயிட்டாங்க, இப்ப நம்ம தலைமுறைல ஒருத்தர் தென்னை வைக்கறேன்னு ஜேசிபி விட்டா அடுத்த நாளே பொழித் தகராறு, அதான் எல்லைத் தகராறு. பக்கத்து காட்டுல பாசனம் வந்து தென்னை வச்சதும் எங்க மாடு அங்க போயிடக் கூடாதுன்னுதான் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கல்லுக்கால் நட்டு செயின்லிங்க் (கண்ணி கண்ணியா பின்னின கம்பி வலை) போடலாம்னு முடிவு பண்ணினோம்.

இங்கதான் எல்லாரும் நேரா வேலிக்காரருக்கு போன் போடறாங்க. தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. வேலி எவ்வளவு ஸ்ட்ராங்கா இருந்தாலும் அது நிக்கற கோடு தப்புன்னா நாளைக்கு கோர்ட்டு பிரிக்கச் சொன்னா பிரிக்கத்தான் வேணும், கல்லுக்காலைப் பிடுங்கி வேற எடத்துல நடற கூலி நட்ட கூலியை விட ஜாஸ்தி. மொதல்ல கோடு, அப்பறம்தான் கம்பி.

அந்தக் கோட்டுக்கு சட்டம் எங்க இருக்குன்னா, 1923ல வந்த சர்வே மற்றும் எல்லைகள் சட்டம், நூறு வருஷம் தாண்டியும் தமிழ்நாட்டுல இன்னைக்கும் அதுதான். அதுல நம்ம ஆளுக நெறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்குது. நம்ம காட்டு எல்லைல இருக்கற சர்வே கல்லைப் பாத்துக்க வேண்டியது கவர்மெண்ட் கெடையாது, பட்டா யார் பேர்ல இருக்குதோ அவங்கதான், கல்லு சாஞ்சா நிமித்தணும், காணாப்போனா புதுசு நட ஏற்பாடு பண்ணணும், இது நம்ம மேல இருக்கற கடமைன்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்குது. அதே நேரத்துல கல்லை யாராச்சும் வேணும்னே பிடுங்கினா, நகத்தினா அது கிரிமினல் குத்தம், பழைய ஐபிசில 434ன்னு தனி செக்‌ஷனே இருந்துச்சு. அதனால வேலிக்காரர் ஆளுக குழி பறிக்கறப்ப "இந்தக் கல்லு இடைஞ்சலா இருக்குது ண்ணா, எடுத்துப் போட்டறலாமா"ன்னு கேட்டா ஒரே பதில்தான், தொடவே கூடாது.

இன்னொண்ணு, வேலிச் செலவு. பக்கத்து காட்டுக்காரர் பாதி குடுத்தே ஆகணும்னு நெறைய பேரு நெனச்சுட்டு இருக்காங்க. நம்ம ஊர்ல அப்படிக் கட்டாயப்படுத்தற சட்டம் எதுவும் இல்லைங்க, பேசி ஒத்துக்கிட்டா உண்டு, இல்லாட்டி போடறவங்க செலவு. நாங்க முழுசா எங்க செலவுலயேதான் போட்டோம். அதுல ஒரு நல்லதும் இருக்குது, வேலி நம்ம எல்லைக்குள்ள நம்ம காசுல நிக்கறப்ப அதை மாத்தறதுக்கும் ரிப்பேர் பண்றதுக்கும் யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல.

இப்ப சர்வே. முன்னெல்லாம் எஃப்-லைனுக்கு பேங்க்ல போயி செலான் கட்டி, அதை எடுத்துட்டு தாலுகா ஆபீஸுக்கு நடையா நடக்கணும். 2023 கடைசில இருந்து அரசாங்கத்தோட தமிழ்நிலம் போர்ட்டல்ல வீட்ல இருந்தே அப்ளை பண்ணலாம், மொபைல் நம்பர் குடுத்து உள்ள போயி மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு போட்டு பீஸும் ஆன்லைன்லயே கட்டிடலாம். எப்ப அளக்க வர்றாங்கன்னு எஸ்எம்எஸ் வரும். அளந்து முடிச்சப்பறம் நாமளும் சர்வேயரும் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டு, வரைபடம் ரெண்டும் இ-சர்வீஸ் சைட்ல டவுன்லோடு பண்ணிக்கலாம். இந்த கடைசி விஷயம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது, முன்ன அளந்துட்டு வாயால சொல்லிட்டு போயிடுவாங்க, இப்ப கையில பேப்பர் இருக்குது.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி அதே இ-சர்வீஸ்ல சிட்டா, அ-பதிவேடு, எஃப்எம்பி (சர்வே நம்பருக்கு எல்லை அளவோட இருக்கற புல வரைபடம்) மூணையும் எடுத்து வச்சுக்கங்க, காசே இல்ல. சிட்டாவுல இருக்கற பரப்பும் உங்க பத்திரத்துல இருக்கற பரப்பும் ஒத்துப்போகுதான்னு உக்காந்து கணக்குப் போடுங்க. சிட்டாவுல ஹெக்டேர், ஏர்ஸ்ல இருக்கும், பத்திரத்துல ஏக்கரு, செண்டு. ஒரு ஹெக்டேருக்கு 2.47 ஏக்கரு, ஒரு ஏர்ஸுன்னா 2.47 செண்டு, ஒரு செண்டு 435.6 சதுர அடி. பழைய எஃப்எம்பில அளவு மீட்டர்ல இருக்காது, லிங்க்ஸ்ல இருக்கும், 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. அதைப் பாத்துட்டு மீட்டர்னு நெனச்சு டேப்பைப் புடிச்சா எல்லாமே கொழம்பிடும்.

ஒத்துப்போகலைன்னா அங்கயே நில்லுங்க. 1979ல ஆரம்பிச்ச யூடிஆர் (நெல ரெக்கார்டைப் புதுப்பிக்கற) வேலைல அப்ப கைல எழுதினதுல நெறைய எடத்துல பேரு மாறி, பரப்பு மாறி ஏறிடுச்சு, அது இன்னைக்கும் ஊருக்கு ஊர் தலைவலி. அந்த மாதிரி இருந்தா எஃப்-லைன் அளந்து பிரயோஜனம் இல்ல, ரெக்கார்டை மொதல்ல சரி பண்ணணும், டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) வரைக்கும் போக வேண்டி வரலாம். கூட்டுப் பட்டாவா இருந்தாலும் அதே கதைதான், அண்ணன் தம்பி அனுபவத்துல பிரிச்சு வச்சிருக்கற கோட்டை சர்வேயர் அளந்து காட்ட முடியாது, அவருக்கு எஃப்எம்பில இருக்கற கோடுதான் கோடு. மொதல்ல உட்பிரிவு பண்ணி தனிப் பட்டா வாங்குங்க.

அளந்த அன்னைக்கு நான் முழு நேரமும் கூடவே நின்னேன், நீங்களும் நில்லுங்க. பக்கத்து காட்டுக்கும் நோட்டீஸ் போகும், ஆனா நோட்டீஸை மட்டும் நம்பாம நானே போயி "மாமா, அன்னைக்கு நீங்களும் வந்து நின்னீங்கன்னாத்தான் எனக்கு நிம்மதி"ன்னு சொல்லிட்டு வந்தேன். அவரும் அவர் பையனும் வந்தாங்க. சர்வேயர் எங்க மூலைல இருந்து ஆரம்பிக்கவே இல்லைங்க, நேரா மூணு ஊர் எல்லை சேர்ற கல்லுகிட்ட போனாரு, அது நல்லா கெட்டியா நிக்குது, அங்க இருந்து எஃப்எம்பில இருக்கற அளவை வச்சு ஒவ்வொரு கல்லா புடிச்சுட்டே வந்தாரு. எங்க வடகெழக்கு மூலைக்கு வந்தப்ப டேப்பு நேரா கிளுவைக்குள்ள போயிடுச்சு. அருவாளை வச்சு முள்ளைக் கழிச்சுட்டு கடப்பாரைல குத்தினா ரெண்டாவது குத்துலயே டங்குனு சத்தம். மண்ணைத் தள்ளிப் பாத்தா கல்லு பாதி சாஞ்சு, ஒரு கிளுவை வேரு அதைச் சுத்திக்கிட்டு கெடக்குது. மாமா குனிஞ்சு கையாலயே மண்ணைத் துடைச்சுப் பாத்துட்டு "எங்கப்பாரு சொன்ன எடத்துலதான் இருக்குது மாப்ள"ன்னாரு. அதுக்கப்பறம் அவர் ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. அந்தக் கோடு வேலி நடுவுலயும் இல்ல, நாங்க நெனச்சுட்டு இருந்த எடத்துலயும் இல்ல, ஒரு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வந்துச்சு, இன்னொரு பக்கம் அவங்களுக்குக் கொஞ்சம் போச்சு. ரெண்டு பேரும் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு ஒத்துக்கிட்டோம். பக்கத்து காட்டுக்காரர் முன்னாடி கல்லைத் தோண்டி எடுக்கறதுக்கு இருக்கற மதிப்பு வேற எந்த பேப்பருக்கும் இல்லைங்க.

அரை மார்க்கு ஏன் கொறச்சேன்னா வெயிட்டிங்தான். சர்வேயருக்கு கிராமம் நெறைய, வேலை ஜாஸ்தி, நம்ம முறை வர வரைக்கும் பொறுமையா இருக்கணும், காட்டுல பயிர் இல்லாத காலமாப் பாத்து முன்கூட்டியே அப்ளை பண்ணி வச்சுக்கங்க.

எஃப்-லைன் எல்லாத்தையும் தீத்து வைக்கும்னு நெனச்சுராதீங்க, அதையும் சொல்லிடறேன். அது எஃப்எம்பில இருக்கற கோட்டை மண்ணுல காட்டும், அவ்வளவுதான். பக்கத்துக்காரர் அளந்ததே தப்புன்னு சண்டைக்கு நின்னாலோ, அந்தத் துண்டை 12 வருஷத்துக்கு மேல உங்க உரிமையை மறுத்து வெளிப்படையா அவரே வச்சிருக்கேன்னு சொன்னாலோ, அது சிவில் கோர்ட்டுதான். அங்க கோர்ட்டு அட்வகேட் கமிஷனரைப் போட்டு சர்வேயரைக் கூட்டிட்டு வந்து திரும்ப அளக்க வைக்கும். அந்த நெலைமைல இருக்கறப்ப ராவோட ராவா வேலி போட்டுட்டா நம்ம பக்கம் ஸ்ட்ராங் ஆகிடும்னு சில பேரு ஐடியா குடுப்பாங்க, கேக்காதீங்க, எதிர்ப்பக்கம் இன்ஜங்‌ஷன் (தடை உத்தரவு) வாங்கினா போட்ட காசும் போச்சு, கோர்ட்டு முன்னாடி நம்ம பேரும் போச்சு.

பாதை விஷயத்துல இன்னும் கவனமா இருக்கணும். எங்க காட்டு ஓரமா பின்னாடி காட்டுக்காரங்க வண்டி ஓட்டிட்டு போற தடம் ஒண்ணு இருக்குது, எஃப்எம்பில இல்ல, எங்க பட்டா எடம்தான். காண்ட்ராக்டர் வந்து பாத்துட்டு "இதையும் சேத்து மூடிடலாம்ங்க, உங்க எடம்தானே"ன்னாரு. மூட முடியாதுங்க. 20 வருஷம் தடை இல்லாம, வெளிப்படையா, உரிமையோட ஒருத்தர் அந்தத் தடத்துல போயிட்டு வந்திருந்தா 1882ம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டப்படி அவருக்கு அதுல நடக்கற உரிமை வந்துடும், எடம் நம்மளதுதான், ஆனா வழியை அடைக்க முடியாது. அவங்களுக்கும் அது ஒண்ணுதான் வழி, அடைச்சா அவங்க மாட்டை எப்படி வெளிய ஓட்டுவாங்க. அந்த எடத்துல வண்டி போற அளவுக்கு கேட்டு வச்சு விட்டுட்டோம், பூட்டு கெடையாது. அதே மாதிரி ஓடை புறம்போக்கு, வாய்க்கால் எதையும் வேலிக்குள்ள சேக்காதீங்க, அது ஆக்கிரமிப்பு, நோட்டீஸ் வந்து எடுத்துப் போட்டுட்டு செலவையும் நம்ம தலைலதான் கட்டுவாங்க.

சரி, காண்ட்ராக்டர் வேலை. நல்லதை மொதல்ல சொல்றேன். கல்லுக்கால் அருமை. எட்டடி கருங்கல், ரெண்டடி மண்ணுக்குள்ள, பத்தடிக்கு ஒண்ணு, மூலைக்கும் திருப்பத்துக்கும் ரெண்டு பக்கமும் முட்டுக்கல்லு குடுத்து காங்கிரீட் போட்டாங்க. நூல் புடிச்சு நட்டதுல ஒரு கல்லு கூட வெளிய வரலை. நான் சொன்ன மாதிரியே சர்வே கோட்டுல இருந்து ஒரு அடி எங்க பக்கம் தள்ளித்தான் நட்டாங்க, எல்லைக்கல்லு நாலும் வேலிக்கு வெளிய கண்ணுக்குத் தெரியற மாதிரி நிக்குது. ஒரு அடி வீணாப் போகுதேன்னு எங்க வீட்லயே கேட்டாங்க. கோட்டு மேலயே நட்டா காங்கிரீட் பாதி அடுத்தவர் எடத்துல போகும், கல்லு நாளைக்கு அந்தப் பக்கம் சாஞ்சாலும் பேச்சு வரும், கம்பியை இழுத்துக் கட்ட நம்ம ஆளு அவங்க தென்னைக்குள்ள எறங்கணும். அந்த ஒரு அடி எடத்துக்கு உரிமை நம்மளதுதான்னு சர்வே ரிப்போர்ட்டே சொல்லுது, கல்லும் அங்கயே நிக்குது, அப்பறம் என்ன பயம்.

கெட்டது கம்பி. பேசினது 12 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசின கம்பி), மூணு இஞ்சு கண்ணி, அஞ்சடி உசரம். வந்து எறக்கின ரோல்ல பாதி பாக்கறப்பவே ஒல்லியா தெரிஞ்சுது. கண்ணால பாத்து சண்டை போட முடியாதுல்ல, ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு டவுனுக்குப் போயி லேத் பட்டறைல வெர்னியர் வச்சுப் பாத்தேன். 12 கேஜ்னா 2.64 மில்லி இருக்கணும், 14 கேஜ்னா 2.03. பட்டறைக்காரர் ஸ்கேலை வெளிச்சத்துல சாச்சுப் புடிச்சு ரெண்டு மில்லின்னு சொன்னப்ப எனக்கு சுள்ளுனு வந்துச்சு. கேட்டதுக்கு "ஸ்டாக்கு மாறி வந்துடுச்சுங்க"ன்னாரு. மாத்திக் குடுத்தாரு, அதுக்குத்தான் அந்த மூணு மார்க்கு, ஆனா நான் அளக்காம விட்டிருந்தா அது அப்படியே ஏறியிருக்கும். நம்பர் பெருசானா கம்பி ஒல்லின்னு ஞாபகம் வச்சுக்கங்க, 10 கேஜ் 3.25 மில்லி. கொட்டேஷன்ல கேஜ் மட்டும் எழுதாம மில்லிமீட்டர்லயும் எழுதி வாங்குங்க, செயின்லிங்க்குக்கு ஐஎஸ் 2721, முள்கம்பிக்கு ஐஎஸ் 278 ஸ்டாண்டர்டு, அந்த நம்பரையும் பில்லுல போடச் சொல்லுங்க. இதை எழுதித் தர யோசிக்கற ஆளுகிட்ட வேலையே குடுக்காதீங்க.

ரேட்டு ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசறவங்களையும் நம்பாதீங்க, ஓட்ட அடிக்குத்தான், அதாவது வேலி ஓடற நீளத்துக்கு அடிக்கு இவ்வளவுன்னுதான் பேசணும். ஒரு ஏக்கரு சதுரமா இருந்தா சுத்தளவு 835 அடிதான், பத்தடிக்கு ஒரு கல்லுன்னா 84 கல்லு கிட்ட. அதே ஒரு ஏக்கரு 100 அடி அகலத்துல நீட்டமா கெடந்துச்சுன்னா சுத்தளவு 1,071 அடி, கல்லு 107 ஆகிடும். ஏக்கரு கணக்குல பேசினா யாரோ ஒருத்தர் ஏமாறுவாங்க.

இதுக்கு நடுவுல இன்னொரு ஆளு வந்து "காட்டுப்பன்னி வருது, கூடவே ரெண்டு கம்பி கரண்ட்டு இழுத்துடலாம், மோட்டார் லைன்லயே குடுத்துக்கலாம்"னு சொன்னாரு. வாசல்லயே அனுப்பிட்டேன். இதை நான் கோவத்தோடதான் எழுதறேன். மோட்டார் லைன்ல இருந்து வேலிக்கு நேரா கரண்ட்டு குடுக்கறது சட்ட விரோதம், யாராச்சும் செத்தா ஜெயிலு, செத்தது பக்கத்து வீட்டுக் குழந்தையா இருந்தா அதை வச்சுட்டு எப்படி சோறு திங்கறது. 2023 மார்ச்ல தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் இந்த மாதிரி வேலில அடிபட்டு மூணு யானை ஒரே எடத்துல செத்துச்சு, ரெண்டு குட்டி தப்பிச்சு பக்கத்துலயே நின்னுட்டு இருந்துச்சு. அதே வருஷம் மின்வேலிக்குன்னே தனி விதிகள் தமிழ்நாடு அரசாங்கம் கொண்டு வந்துச்சு, காப்புக்காட்டுல இருந்து அஞ்சு கிலோமீட்டருக்குள்ள சோலார் வேலி போடறதா இருந்தாக் கூட வனத்துறைகிட்ட பதிவு பண்ணி அனுமதி வாங்கணும்.

சோலார் வேலியே வேண்டாம்னு சொல்லலை, அது வேற இது வேற. முறையான எனர்ஜைசர் (வேலிக்கு கரண்ட்டு அனுப்பற பொட்டி) பேட்டரில இருந்து வினாடிக்கு ஒரு தடவைக்கு மேல போகாம துடிப்பு துடிப்பாத்தான் அனுப்பும், வோல்ட் ஆயிரக்கணக்குல இருந்தாலும் அது வர்ற நேரம் கண்ணு இமைக்கறதுக்கும் கம்மி, தொட்டா உதறும், ஆளைப் புடிச்சு வைக்காது. வாங்கறவங்க எனர்ஜைசர்ல பிஐஎஸ் 302-2-76 ஸ்டாண்டர்டு இருக்கான்னு பாருங்க, எர்த் ராடு சரியா அடிக்கச் சொல்லுங்க, எச்சரிக்கை போர்டு ஆளு நடக்கற பக்கமெல்லாம் மாட்டுங்க. அசெம்பிள் பண்ணி லேபிள் இல்லாம வர்ற பொட்டியை பாதி ரேட்டுக்குக் குடுத்தாலும் தொடாதீங்க.

கடைசியா பேப்பர். எங்க எல்லைல ஒரு எடத்துல கோடு கோணலா ஒடிஞ்சு போகுது, அதை நேராக்கிக்கலாம், ஆளுக்கு ரெண்டு செண்டு மாத்திக்கலாம்னு மாமாவும் நானும் பேசினோம். 20 ரூபா பத்திரத்துல எழுதி கையெழுத்துப் போட்டுக்கலாம்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. அது செல்லாதுங்க, நெலம் கை மாறணும்னா பரிவர்த்தனைப் பத்திரம் எழுதி சப்-ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதியணும், அப்பறம் உட்பிரிவு பண்ணி பட்டாவையும் மாத்தணும். அதுக்கு ரெண்டு பேருக்கும் இப்ப நேரம் இல்லாததுனால கோணலை கோணலாவே விட்டு, வேலியையும் அது கூடவே திருப்பிட்டோம். அந்தத் திருப்பத்துல இருக்கற முட்டுக்கல்லு ஒண்ணு போன மழைக்கு லேசா ஆட ஆரம்பிச்சிருக்குது, காண்ட்ராக்டர் வந்து திரும்ப காங்கிரீட் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு. கடைசிப் பங்கு பணத்தை அதுக்குத்தான் நிறுத்தி வச்சிருக்கேன், போட்டுக் குடுத்தார்னா மார்க்கை மூணரையா மாத்திடறேன்.